பரங்கிப்பேட்டை இரும்பும் நெல்லிக்குப்பம் சர்க்கரையும்

போன மாசம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து ரசத்துக்குக் குழி பறிச்சிட்டு இருக்கும்போது அக்கா பையன் வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தான்.

"மாமா, ஒரு லேஅவுட் போட்டுக் குடுக்கணும்."

அடப்பாவி, ரியல் எஸ்டேட்டில் இறங்கிட்டானோ என்று பயந்துட்டேன். இல்லை, முந்திரியாம். கொட்டை வாங்கி, உடைச்சு, தோல் நீக்கி, பருப்பைத் தரம் பிரிச்சு, பாக்கெட் போட்டு கடலூர், பாண்டிச்சேரி, சென்னை கடைகளுக்கு அனுப்புகிற சின்ன யூனிட். கொட்டைக்கு ஒரு குடோன், உடைக்க ஒரு ஷெட், பேக்கிங்குக்கு ஒரு ரூம், அனுப்புகிற சரக்குக்கு இன்னொரு குடோன். இடமும் ரெடி. பரங்கிப்பேட்டை பக்கம் அவன் அப்பா வழியில் வந்த நிலம் சும்மாதான் கிடக்கு. லோனுக்கு அக்கா இருக்கிற வீட்டை அடமானம் வைக்கிறதாகப் பேச்சு. அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு ரசம் இறங்கலை.

நான் இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரிகளில் குப்பை கொட்டினவன். அதில் பாதி பிளானிங் டிபார்ட்மெண்டில். லேஅவுட் என்றாலே கை அரிக்கும். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்திலேயே கட்டம் போட ஆரம்பிச்சேன். லாரி வர்ற வாசல் இங்கே, எடைமேடை இங்கே, கொட்டை காயப் போடுற களம் இங்கே. பாய்லர் கிட்ட வந்ததும் கேட்டேன்.

"என்னடா எரிக்கப் போற?"

"முந்திரி ஓட்டையே எரிக்கலாம் மாமா."

"கொட்டை எங்கேர்ந்து வரும்?"

"பண்ருட்டிலேர்ந்துதான்."

பண்ருட்டியிலிருந்து பரங்கிப்பேட்டை ஐம்பது அறுபது கிலோமீட்டர். அங்கே என் பேனா நின்னுடுச்சு. ஏன்னா இதே பரங்கிப்பேட்டையில், இதே கேள்வியில் ஒருத்தர் ஏற்கனவே மாட்டியிருக்கார். அது 1830-ல். அந்தக் கதையைத்தான் அன்னைக்கு ராத்திரி மண்டப மாடியில் பாய் விரிச்சு அவனுக்குச் சொன்னேன். இப்போ உங்களுக்கும்.

*

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்போது பு.முட்லூரில் இடது பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கிற இடம். போர்ச்சுகீசியர் காலத்தில் போர்ட்டோ நோவோ, முஸ்லிம் வணிகர்கள் வழக்கில் மஹ்மூது பந்தர். 1781-ல் ஹைதர் அலியும் கம்பெனிப் படையும் மோதிக்கிட்ட ஊர் என்று பாடப் புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிற ஊர் என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். ஆனால் இந்தியாவிலேயே ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு காய்ச்சின முதல் ஆலைகளில் ஒன்று இங்கேதான் இருந்தது என்று சொன்னால் சிதம்பரத்துக்காரர்களே முழிக்கிறாங்க.

ஆரம்பித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிவில் உத்தியோகஸ்தர். சேலம் பக்கம் வேலை பார்த்தபோது கஞ்சமலையைப் பார்த்திருக்கார். மலை முழுக்க இரும்புக்கல். அடிவாரத்து ஊர்களில் ஆள் உயரம்கூட இல்லாத மண் உலை கட்டி, தோல் துருத்தியால் ஊதி, மரக்கரியில் இரும்பு எடுத்துக்கிட்டிருந்தாங்க நம்ம ஆட்கள். அந்த இரும்பைச் சின்ன மண் மூசையில் அடைச்சு உருக்கினால் வருகிற எஃகுதான் உலகமே 'ஊட்ஸ்' என்று கொண்டாடின நம்ம உருக்கு. 1839-ல் ராயல் ஏசியாடிக் சொசைட்டியின் இதழில் ஹீத்தே இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விஷயம் தெரியாத மனுஷன் இல்லை, ரசிகர்.

ரசிகர் என்ன நினைச்சார்? சின்ன உலையிலேயே இவ்வளவு நல்ல இரும்பு வருதே, இங்கிலாந்து மாதிரி பெரிய ஊதுலை வச்சா எப்படி இருக்கும்? உத்தியோகத்தை விட்டார். மதராஸ் மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சுகிற தனி உரிமையைக் கம்பெனியிடம் வாங்கினார். கடனும் வாங்கினார். காட்டில் விறகு வெட்ட அனுமதியும் வாங்கினார். 1830-ல் ஆலை எழும்பியது.

எங்கே? சேலத்தில் இல்லை. பரங்கிப்பேட்டையில்!

*

இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். "முட்டாள்தனம்"னு சுலபமா சொல்லிடலாம். எனக்கு அப்படித் தோணலை. 1830-ல் ஹீத் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் செஞ்சிருப்பேன்னு நினைக்கிறேன்.

இரும்பை வாங்கப் போவது இங்கிலாந்து. அதுக்குக் கப்பல் வேணும். ஊதுலைக்கான இயந்திரங்களும் கப்பலில்தான் வரணும். சேலத்துக்கு ரயில் கிடையாது. இந்தப் பக்கம் ரயில் வந்ததே 1870-களில்தான். ஆக, துறைமுகத்தை ஒட்டி ஆலை. கல்லை எப்படிக் கொண்டு வருவது? அதுக்குத்தான் ஆறு இருக்கே! கஞ்சமலையிலிருந்து காவிரிக்கு வண்டியில், காவிரியில் பரிசலில், அப்புறம் கொள்ளிடம், கொள்ளிடத்திலிருந்து கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டை. காகிதத்தில் பார்த்தால் அழகான லேஅவுட்டு. கல் தானா இறங்கி வரும், இரும்பு தானா கப்பல் ஏறும். நடுவுல உலை.

எங்க பிளானிங் டிபார்ட்மெண்டில் இதை 'நேர்க்கோட்டு ஓட்டம்' என்போம். சரக்கு ஒரு பக்கம் நுழைஞ்சு திரும்பிப் பார்க்காமல் மறுபக்கம் வெளியே போகணும். அந்த வகையில் ஹீத்துக்கு நூத்துக்கு நூறு மார்க் போடலாம்.

ஆனால் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்க.

கஞ்சமலைக் கல்லில் இரும்பு ஏறக்குறைய 35 முதல் 40 சதவீதம். மீதியெல்லாம் வெறும் வெள்ளைக்கல். அதனால் ஒரு டன் வார்ப்பிரும்புக்கு இரண்டரை டன்னுக்கு மேல் கல் வேணும். கஞ்சமலைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நேர்கோட்டிலேயே 170 கிலோமீட்டருக்கு மேல். ஆறு சுத்திக்கிட்டு வர்ற வழி இன்னும் அதிகம். காவிரியில் வருஷம் பூரா தண்ணி ஓடாது என்று உங்களுக்கும் எனக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணி இருக்கிற மாசங்களில் வருஷத்துக்கான கல்லைக் கொண்டு வந்து குவிச்சுக்கணும். குவிச்சு வச்ச கல் என்பது முடங்கிக் கிடக்கிற காசு.

சரி, கல்லாவது கெட்டுப் போகாது. எப்போ வந்தாலும் கல் கல்தான். உண்மையான வில்லன் கல் இல்லை. கரி.

*

நம்ம ஊர் பக்கம் கல்கரி கிடையாது. எல்லாம் மரக்கரிதான். அந்தக் காலத்து ஊதுலையில் ஒரு டன் இரும்பு காய்ச்ச ஒன்றரை டன், இரண்டு டன் மரக்கரிகூட ஆகும். ஒரு டன் கரிக்கு நாலஞ்சு டன் விறகு எரியணும். அப்படின்னா ஒரு டன் இரும்புக்குப் பின்னால் தோராயமா ஏழெட்டு டன் மரம். உலை சும்மா இருக்காது. ஒரு தடவை பத்த வச்சா மாசக்கணக்கில் ராத்திரி பகலா எரியணும். அணைஞ்சா உள்ளே இருக்கிறது அப்படியே உறைஞ்சு போகும், உலையையே இடிக்க வேண்டி வரும். அதனால் தினமும் கரி வந்துக்கிட்டே இருக்கணும்.

மரக்கரிக்கு இன்னொரு குணம் உண்டு. மாட்டு வண்டியில் ரொம்ப தூரம் குலுங்கினால் நொறுங்கித் தூளாகிடும். தூள் ஊதுலைக்கு ஆகாது, காத்துப் போகிற வழியை அடைச்சுக்கும். ஆக தூரம் கூடக்கூட வண்டிக்கூலி மட்டும் ஏறலை, வந்து சேருகிற நல்ல கரியும் குறையுது.

இப்போ பரங்கிப்பேட்டையைச் சுத்தி மனசுக்குள்ளே ஒரு வட்டம் போடுங்க. ஒரு பாதி கடல், கழிமுகம். மறுபாதி நெல்வயல். பிச்சாவரத்துச் சதுப்புக் காடு கொஞ்சம். பஸ்ஸில் போகும்போது கண்ணுக்கு எட்டின வரைக்கும் தெரிகிற சவுக்குத் தோப்பெல்லாம் அப்போ இல்லை. விறகுக்காகச் சவுக்கு பெரிய அளவில் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். முதல் வருஷம் கிட்டே இருக்கிற மரத்தை வெட்டலாம். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் தூரம். அதுக்கடுத்த வருஷம் இன்னும் தூரம். மரம் திரும்ப வளர வருஷக்கணக்காகும். உலைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஆலை நின்ன இடத்திலேயே நின்னுது. காடு நகர்ந்து போய்க்கிட்டே இருந்தது. லேஅவுட் படத்தில் எங்கேயும் இது தெரியாது. முதல் நாளில் சரியா இருந்த படம், ஒரு கோடுகூட மாத்தாமலே வருஷா வருஷம் தப்பாகிட்டே வந்தது.

இங்கேதான் கஞ்சமலை அடிவாரத்து மண் உலை எனக்கு ஞாபகம் வருது. அது சின்னது, ஒரு நாளைக்குக் கொஞ்சூண்டு இரும்புதான் தரும், கரியை வீணடிக்கும். எல்லாம் உண்மை. ஆனால் மண்ணில் கட்டினது. பக்கத்தில் விறகு தீர்ந்தால் விட்டுட்டு, விறகு இருக்கிற இடத்தில் இன்னொண்ணு கட்டிக்கலாம். காடு நகர்ந்தால் உலையும் நகரும். கல்லைக்கூட அவங்க அப்படியே போடறதில்லை. இடிச்சுப் பொடியாக்கி, புடைச்சு, அலசி, கனமான கருப்பு மணலை மட்டும் எடுத்துத்தான் உலையில் போடுவாங்க. வேண்டாத எடையைப் பிறந்த இடத்திலேயே கழிச்சிடறாங்க. பிளானிங் டிபார்ட்மெண்ட் வச்சுக்காமலே இதைக் கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க :-)

*

ஹீத் தனியாளா சமாளிக்க முடியலை. 1833-ல் கம்பெனியாக்கினாங்க. மலபார் கரையில் பேப்பூரிலும் ஒரு ஆலை போட்டாங்க. பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் சோடை போகலை. மரக்கரியில் காய்ச்சின இரும்புக்கு எஃகு செய்கிற ஷெஃபீல்டில் நல்ல பேர். ஆனால் அதே சமயம் பிரிட்டனில் கல்கரியும் இரும்புக்கல்லும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைச்சது. 1828-ல் நீல்சன் என்பவர் ஊதுலைக்குச் சூடான காத்தை ஊதும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். எரிபொருள் செலவு அங்கே சடசடன்னு இறங்குச்சு. இங்கே வருஷா வருஷம் ஏறிக்கிட்டிருந்தது. தரம் மட்டும் எவ்வளவு நாள்தான் தாங்கும்?

1853-ல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று ஒரு புதுக் கம்பெனி கைக்கு வந்தது. அவங்க புதுசா உலை போட்ட இடங்களைக் கவனிங்க. ஒண்ணு திருவண்ணாமலை. இன்னொண்ணு சேலம் ஜில்லாவில் காவிரிக்கரை. கடற்கரையை விட்டுட்டு, கல்லும் காடும் இருக்கிற பக்கம் நகர்ந்துட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு லேஅவுட்டைத் திருத்தியிருக்காங்க. ஆனால் அதுக்குள்ளே நேரம் கடந்துபோச்சு. அதுவும் நிக்கலை. 1860-களோடு பரங்கிப்பேட்டைக் கதை முடிஞ்சது. ரயில் வந்தபோது ஏத்திக்கிட்டுப் போக இரும்பு இல்லை.

ஹீத் அதுக்கு முன்பே இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருந்தார். 1839-ல், எஃகு உருக்கும்போது கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடிச்சு காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டே அந்த முறைக்கு மாறியது. ஆனால் அவரே சொல்லிக்கொடுத்த இன்னொரு மலிவான வழி காப்புரிமை வாசகத்தில் அடங்காது என்று சொல்லி, அவருக்குக் காசு தராமலே செய்ய ஆரம்பிச்சாங்க. கோர்ட்டு, வாய்தா, மேல்முறையீடு. 1855-ல் பிரபுக்கள் சபையில் தீர்ப்பு எதிரா வந்தது. அதைப் பார்க்க ஹீத் உயிரோடு இல்லை. அவர் யோசனையால் ஊர் முழுக்கப் பணக்காரர் ஆனாங்க. அவர் ஏழையாகத்தான் போனார்.

*

இப்போ பரங்கிப்பேட்டையை விட்டுட்டு கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பம் போகலாம். ஒரே ஜில்லா, பன்னிரண்டு வருஷம்தான் வித்தியாசம். 1842-ல் பாரி கம்பெனி அங்கே சர்க்கரை ஆலை ஆரம்பிச்சது.

பாரி என்றால் நம்ம சென்னை பாரிமுனைக்குப் பேர் கொடுத்த தாமஸ் பாரி. 1788-லிருந்து வியாபாரம். அவருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. 1824-ல் அங்கே வந்திருந்தபோது காலராவில் இறந்துபோனார். கடலூரில் கிறிஸ்து ஆலயத்தில் அடக்கம். அவர் போய்ப் பதினெட்டு வருஷம் கழிச்சு அவர் கம்பெனி நெல்லிக்குப்பத்துக்கு வந்தது.

பரங்கிப்பேட்டை இரும்பாலை இருந்த சுவடே எனக்குத் தட்டுப்படலை. நெல்லிக்குப்பத்தில் ஆலை இன்னும் ஓடுது. பெரிய ஆள் யார், சின்ன ஆள் யார் என்பதில் வித்தியாசம் இல்லை. ரெண்டு பேரும் வெள்ளைக்காரர்கள், ரெண்டு பேருக்கும் கம்பெனி ராஜ்யத்தில் செல்வாக்கு. வித்தியாசம் எடையிலும் அடுப்பிலும்தான் என்பது என் கட்சி.

நூறு டன் கரும்பு அரைச்சா சர்க்கரை கிடைப்பது ஒன்பது பத்து டன். இரும்புக்கல்லைவிட மோசமான கணக்கு! அதோட கரும்பு கல் மாதிரி காத்திருக்காது. வெட்டின மறுநாளிலிருந்தே சர்க்கரைச் சத்து இறங்க ஆரம்பிச்சிடும். அதனால் ஆலை கரும்பு வயலுக்கு நடுவில்தான் இருந்தாகணும். பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட நெல்லிக்குப்பம் அப்படிப்பட்ட இடம். கடலூர்த் துறைமுகம் கூப்பிடு தூரம். ஆரம்ப காலத்தில் கரும்பு மட்டுமில்லை, ஊர்க்காரங்க காய்ச்சின வெல்லத்தையும் வாங்கிச் சுத்திகரிச்சாங்க. அதாவது தண்ணியை வத்த வைக்கிற வேலை வயல் ஓரத்திலேயே முடிஞ்சுடுது. எடை குறைஞ்ச சரக்குதான் வண்டி ஏறுது. கஞ்சமலைக்காரர்கள் கல்லைப் புடைச்ச அதே புத்தி.

அடுத்தது அடுப்பு. நூறு டன் கரும்பு அரைச்சா இருபத்தெட்டு முப்பது டன் சக்கை விழும். அதையே பாய்லரில் போட்டு எரிச்சு, வர்ற நீராவியில் ஆலையை ஓட்டலாம். இன்னைக்கு அதில் கரண்டும் எடுத்து விக்கிறாங்க. கரும்பு தன் விறகைத் தானே தூக்கிக்கிட்டு வருது! காடு நகர்ந்து போகிற பிரச்சினையே இல்லை. வருஷா வருஷம் வயலில் திரும்ப முளைக்குது.

எந்தச் சர்க்கரை ஆலைக்குள்ளே போனாலும் இதே தர்க்கம் சுவருக்குச் சுவர் தெரியும். வாசலில் எடைமேடை, அடுத்து கரும்பு யார்டு, வெட்டும் கத்திகள், வரிசையா அரவை உருளைகள். சக்கை வெளியே வர்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பாய்லர், ஏன்னா சக்கை லேசு, ஆனால் இடத்தை அடைக்கும், தூரமாத் தூக்கக் கூடாது. சாறு குழாயில் ஓடும், அதனால் அதைக் கொஞ்சம் தள்ளிக்கூடக் கொண்டு போகலாம். சாறு தெளிஞ்சு, வத்தி, பாகாகி, சுழலும் யந்திரத்தில் சர்க்கரை தனியா, மொலாசஸ் தனியா பிரியும். மொலாசஸ் தொட்டியிலிருந்து சாராய வடிப்பாலைக்கு. சாறு வடிகட்டின சேறு எருவாத் திரும்ப வயலுக்கு. மூட்டை மட்டும் குடோனுக்கு, குடோன் ரோட்டைப் பார்த்து. எது கனம், எது அழுகும், எது இடத்தை அடைக்கும், எது குழாயில் ஓடும் என்று நாலு கேள்வி கேட்டால் படம் தானா வரைஞ்சுக்கும்.

இதையெல்லாம் 1909-ல் ஆல்ஃப்ரட் வெபர் என்ற ஜெர்மன்காரர் கோட்பாடாவே எழுதினார். பதப்படுத்தும்போது எடை இழக்கிற பொருள், ஆலையைத் தன் பக்கம் இழுக்கும் என்று. அதுக்கு எழுபது எண்பது வருஷம் முன்பே நம்ம தென்னாற்காட்டில் ரெண்டு பக்கமும் பரிசோதனை நடந்து முடிஞ்சிருந்தது.

*

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படிச்சு வந்த ஞானம் இல்லை. பட்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு கம்பெனியில் புது ஷெட் போட்டாங்க. வர்ற விருந்தாளிகளுக்கு முகப்பு அழகா இருக்கணும்னு பாய்லரைக் கொல்லைப்பக்க மூலையில் வச்சோம். உமி லாரி உள்ளே போகணும்னா டெலிவரி லாரி நிக்கிற இடத்தைக் குறுக்கே கடக்கணும். தீபாவளி சமயத்தில் ஒரு நாள் ரெண்டும் மூக்கோடு மூக்கு மோதி நின்னு, பாய்லர் அணைஞ்சு, ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்க சும்மா உட்கார்ந்திருந்தாங்க. அந்தப் படத்தில் கையெழுத்துப் போட்டவங்களில் நானும் ஒருத்தன். அன்னையிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் "அடுப்புக்கு என்ன வழி?"ன்னுதான் கேட்பேன்.

அதே கேள்வியோட நெய்வேலியைப் பாருங்க. 1956-ல் நிறுவனம் உருவாச்சு, 1962-ல் கரண்டு வந்தது. பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். எடுத்து வெளியூருக்கு அனுப்பினால் தண்ணியைத்தான் ரயிலேத்தணும். காய்ஞ்சா தானே பத்திக்கவும் செய்யும். அதனால் சுரங்க வாசலிலேயே அனல் மின்நிலையம், வெளியே போவது கம்பியில் கரண்டு. லேஅவுட் என்ற வகையில் ஹீத்தின் தப்புக்கு நேர் மருந்து. ஆனால் அந்தப் படத்துக்கு அடியில் ஊர்கள் இருந்தன. நிலத்தைக் கொடுத்துட்டு எழுந்து போன குடும்பங்கள் இன்னைக்கும் வேலையும் இழப்பீடும் கேட்டுக்கிட்டிருக்காங்க. நாம படம் போடும்போது காலியா விடுகிற கட்டம் பெரும்பாலும் காலி இல்லை. இதையும் சொல்லாமல் நெய்வேலியை மட்டும் புகழ எனக்கு மனசு வரலை.

இன்னொரு விஷயம். அறுபதுகளில், கஞ்சமலைக் கல்லையும் நெய்வேலி நிலக்கரியையும் சேர்த்து சேலத்தில் உருக்காலை போடலாம் என்று பெரிசா யோசிச்சாங்க. ஹீத்தோட கேள்விதான், நூத்திமுப்பது வருஷம் கழிச்சு! சேலம் உருக்காலைக்கு 1970-ல் அடிக்கல் நாட்டினாங்க. எண்பதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பிச்சது. ஆனால் வந்தது வெளியிலிருந்து எஃகு வாங்கித் துருப்பிடிக்காத தகடா உருட்டுகிற ஆலை. கஞ்சமலைக் கல் அதுக்குப் பயன்படலை.

*

கதை முடியும்போது மாடியில் பாதிப் பேர் குறட்டை. அக்கா பையன் மட்டும் முழிச்சிட்டு இருந்தான்.

"மாமா, நீங்க சொல்றது இரும்பு. முந்திரிக்கு இது பொருந்தாது" என்றான்.

"ஏன்?"

"நூறு கிலோ கொட்டைக்கு இருபத்தஞ்சு கிலோ பருப்புதான், ஒத்துக்கறேன். ஆனா காய வச்ச கொட்டை மாசக்கணக்கா கெடாது. இப்பல்லாம் நிறையக் கொட்டை ஆப்பிரிக்காவுலேர்ந்து தூத்துக்குடியில வந்து இறங்குது. அங்கேர்ந்து லாரியில வர்றதுக்கு பண்ருட்டி என்ன, பரங்கிப்பேட்டை என்ன?"

பையன் யோசிக்கிறான்! எனக்கு உள்ளூர சந்தோஷம், காட்டிக்கலை. அவன் சொல்றது சரிதான். எடைக் கணக்கு மட்டும் பார்த்தால் பரங்கிப்பேட்டை அவ்வளவு மோசமில்லை. ஆனால் மிச்சம் ஒரு கணக்கு இருக்கு.

"சரிடா. கொட்டையை யார் உடைப்பா? பருப்பு முழுசா வந்தா ஒரு விலை, உடைஞ்சா பாதி விலை. அந்தக் கை யார்கிட்ட இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசலை. பண்ருட்டி பக்கத்துப் பெண்களுக்கு அது ரெண்டு மூணு தலைமுறையாக் கைவந்த வேலை. அவங்க தினமும் ரெண்டு பஸ் மாறிப் பரங்கிப்பேட்டைக்கு வர மாட்டாங்க. ஹீத்தும் கரியை மட்டும் விட்டுட்டு வரலை. கல்லைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிற கஞ்சமலைக்காரர்களையும் மலையடிவாரத்திலேயே விட்டுட்டுத்தான் கடற்கரைக்கு வந்தார்.

"அந்த ஹீத்து கடன் வாங்கினது யாருகிட்ட மாமா?" என்று கேட்டான்.

"கம்பெனிகிட்ட. நீ வாங்கப்போறது உங்கம்மா வீட்டு மேல."

அதுக்கப்புறம் அவனும் தூங்கலை, நானும் தூங்கலை.

போன வாரம் போன் பண்ணினான். பண்ருட்டி பக்கம் ஒரு பழைய ஷெட்டை ஒரு வருஷ வாடகைக்குப் பேசியிருக்கானாம். உடைக்கிற வேலை மட்டும் அங்கே. தரம் பிரிச்சு பாக்கெட் போடுவதை, கடை கண்ணிக்கு அனுப்புவதைச் சிதம்பரத்தில் வீட்டை ஒட்டின இடத்தில் வச்சுக்கலாமாம். வீட்டை அடமானம் வைக்கிற பேச்சு இப்போதைக்கு இல்லை. ஓடுமா ஓடாதா என்று எனக்குத் தெரியாது. ஆனா மண் உலை மாதிரி, சரிவரலைன்னா நகர்த்திக்கலாம்.

கல்யாணப் பத்திரிகை இன்னும் என் பையில்தான் இருக்கு. பாய்லர் கட்டம் காலியா இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை பண்ருட்டி போய் ஷெட்டை அளந்துட்டு வந்துதான் மீதியைப் போடணும்.

கொசுறு 1: வேல்ஸில் இருக்கிற மெனாய் தொங்குபாலம் பரங்கிப்பேட்டை இரும்பில் கட்டினது என்று எங்கேயாவது படிச்சீங்கன்னா உடனே மார்தட்டிக்காதீங்க. அந்தப் பாலம் திறந்தது 1826-ல், நம்ம உலை எழும்பியது 1830-ல். அதே நீரிணையில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தைச் சொன்னால் காலக்கணக்காவது இடிக்காது.

கொசுறு 2: ஹீத்துக்கு இயற்கை ஆராய்ச்சியிலும் ஆர்வம் உண்டு. நம்ம ஊர் பனைமரங்களில் தங்குகிற ஒரு மஞ்சள் வயிற்று வௌவாலுக்கு 1831-ல் அவர் பேரைத்தான் வச்சாங்க: ஸ்கோட்டோஃபிலஸ் ஹீத்தியை. உலை போச்சு, கம்பெனி போச்சு, வழக்கும் போச்சு. சாயங்காலம் ஆனா அது மட்டும் தவறாமல் பறந்துக்கிட்டிருக்கு.